பெட்டி மாறியது, எண் மாறவில்லை

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூரில் என் அக்காள் இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவது என் வழக்கம். 2017-இல் அப்படிப் போயிருந்தபோது ஒரு கேள்வி போட்டாள்.

"ஏண்டா தம்பி, புதுப் போன் வாங்கினால் நம்பர் போய்விடுமா?"

"போகாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனித்திருக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவனிடம் கேள்வி கேட்டால் லேசில் விடுவானா? ஒரு சரித்திரத்தையே ஆரம்பித்துவிட்டேன்.

சென்னையில் டெலிபோன் நிலையம் வந்தது 1882-இல். அதற்குப் பிறகு வெகுகாலம் வரையில் போன் வைத்திருந்தவருக்கு அந்தப் போன் சொந்தமில்லை. கருவியும் கம்பியும் எண்ணும் இலாகாவைச் சேர்ந்தவை. நமக்குச் சொந்தம் பில் ஒன்றுதான்! வேறு நிலையத்தின் எல்லைக்குள் வீடு மாறினால் எண்ணும் மாறிவிடும். மனுஷனைவிடச் சுவருக்குத்தான் அந்த எண்ணின்மேல் உரிமை அதிகம்.

இந்தக் கட்டை அவிழ்த்தது ஒரு சின்ன அட்டை. 1991-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள ஒரு கம்பெனி, பின்லாந்தின் ரேடியோலிஞ்சா கம்பெனிக்கு 300 அட்டைகள் செய்து கொடுத்தது. சிம் கார்டு பிறந்த கதை அதுதான். ஒப்பந்தம் அட்டையோடு, கருவி உன்னோடு என்று பிரித்துவிட்டார்கள். ஒரு பெட்டி சலித்துப்போனால் அட்டையை உருவி வேறு பெட்டியில் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னைக்கு 1995-இல் ஆர்.பி.ஜி. செல்லுலார், ஸ்கைசெல் என்று இரண்டு கம்பெனிகள் வந்தன. உச்ச நேரத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை ஆயிற்று. நம்மைக் கூப்பிடுகிறவன் பேசினாலும் நமக்குச் செலவு! கடன்காரனின் குரலைக் காசு கொடுத்துக் கேட்ட காலம் அது. பிறகு ஸ்கைசெல் ஏர்டெல்லின் கைக்கும், ஆர்.பி.ஜி. ஏர்செல்லின் கைக்கும் போயின. முதலாளி மாறியும் ஜனங்களின் எண் மாறவில்லை.

வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003 மே மாதம். அந்த வருஷக் கடைசியில்தான் அத்தானும் போன் வாங்கினார். அவர் ஆவடி டாங்க் பாக்டரியில் வேலை பார்த்தவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். அப்போது ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போன் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் அட்டையே இல்லாத போன்கள். எண் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும். "இது பழைய டெலிபோன்தான், கம்பியை மட்டும் அறுத்துவிட்டான்" என்று அத்தான் உதட்டைப் பிதுக்கிவிட்டு, டார்ச் விளக்கு வைத்த நோக்கியா 1100-ஐயும் தனியாக ஓர் அட்டையையும் வாங்கினார். எந்தக் கம்பெனி அட்டை என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அமெரிக்காவில் 2007-இல் ஐபோன் வந்தபோது ஒரே ஒரு கம்பெனியோடு இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்க முடிந்தது. நம் ஊரிலோ கத்தரிக்காய் வாங்குவதுபோல் போனை ஒரு கடையிலும் அட்டையை வேறு கடையிலும் வாங்கினார்கள். இந்த விஷயத்தில் நாம்தான் சுதந்திர புருஷர்கள் என்பது என் அபிப்பிராயம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் கம்பெனியையே மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலாகித் தமிழ்நாடு தவித்தபோது, ஜனங்கள் வரிசையில் நின்று காப்பாற்றப் பார்த்தது போனை அல்ல, எண்ணைத்தான்.

இதில் அன்றுவரை நடந்ததையெல்லாம் சொன்னேனே தவிர, அக்காள் கேட்டது வேறு என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அத்தான் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் வாங்கித் தந்த புதுப் போன் நாலாம் தலைமுறைக்காரப் போன். அதற்குப் பழைய அட்டை ஒத்துவராது. அதே கம்பெனியில், அதே எண்ணுக்கு, வேறு அட்டை வாங்கவேண்டும். வாங்கினோம். உண்மையில் எண் அட்டைக்குள் இல்லை, கம்பெனியின் பேரேட்டில் இருக்கிறது. 'இந்த எண் இந்த அட்டைக்கு' என்ற வரியில் பழைய அட்டையை அடித்துப் புதியதை எழுதுகிறார்கள். சில மணி நேரத்தில் பழையது செத்தது, புதியது பிழைத்தது. அக்காள் புதுப் போனைத் திறந்தாள்.

"பேரெல்லாம் எங்கேடா?"

ஒன்றுகூட இல்லை. அத்தான் பதின்மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்த பெயர்கள் பழைய அட்டையில் இருந்தன. எண்ணைக் காப்பாற்றித் தரும் ஒப்பந்தத்தில் பெயர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கடைப் பையன் முதலிலேயே அவற்றை மாற்றியிருக்க வேண்டும், அவனுக்கு அவசரம். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான்தான் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேனே! அக்காள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, அவள் பழைய அட்டையைக் கடையில் கொடுக்காமல் முடிச்சில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து நோக்கியாவில் போட்டேன். கூப்பிட முடியாது, பேச முடியாது. ஆனால் பெயர்கள் அப்படியே இருந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார் அத்தான். பால்காரர், காஸ், சம்பந்தி பெரியவர், மூட்டு டாக்டர்.

"ஐந்து நிமிஷத்தில் புதுப் போனுக்கு மாற்றித் தருகிறேன், அக்கா."

"வேண்டாம், நானே பார்த்து எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

தினம் நாலைந்து பெயராக ஒரு நோட்டில் எழுதினாள். அடுத்த மாதம் நான் போனபோது 'க' வரிசைக்கு வந்திருந்தாள்.

"உன்னை அவர் என்னவென்று போட்டிருக்கிறார் தெரியுமா?" என்று சிரித்தபடி நோக்கியாவை நீட்டினாள்.

'கதைக்காரன்' என்று இருந்தது. அதன்கீழே இருந்த எண்ணை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.