கதிரொளியில் பிரியும் நீர்



நீரை அதன் கூறுகளாகப் பிரிக்கும் முறை புதியதன்று. 1800ஆம் ஆண்டில், உவோற்றா மின்கலவடுக்கு அமைத்த செய்தி இலண்டனுக்கு எட்டியதும், நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அவ்வாறே ஓர் அடுக்கைச் செய்து, அதன் மின்னை நீரிற் செலுத்தி ஐதரசனையும் ஒட்சிசனையும் பெற்றனர். ஐதரசன் எரிந்தால் மீண்டும் நீரே விளையும், கரிப்புகை எழாது. ஆயின் அதனைப் பெற மின் வேண்டும். அம்மின்னுக்காக உலகம் நிலக்கரியைப் பெருமளவில் எரித்து வந்தது. இது கடனைத் தீர்க்கக் கடன் வாங்குவதை ஒத்தது. ஞாயிற்றின் ஒளியையே இப்பணிக்கு அமர்த்த இயலாதா?

இவ்வினாவுக்கு வித்திட்டவர் எட்மண்ட் பெக்கெரல் என்னும் பிரான்சிய இளைஞர். 1839இல், தம் 19ஆம் வயதில், கரைசலில் அமிழ்த்திய மின்வாய் மீது ஒளி படும்போது மின் பிறப்பதை அவர் கண்டார். 1912இல் இத்தாலியப் பேராசிரியர் சாமிச்சியன், நியூயோர்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரியை நம்பியிராது கதிரொளியால் எரிபொருள் ஆக்கும் காலம் வரவேண்டுமென எடுத்துரைத்தார். கனவு இருந்தது, கருவிதான் இல்லை.

1967இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஒண்டா என்பாரின் கீழ் ஆய்வு செய்த மாணவர் புயிசிமா, தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பளிங்கொன்றை நீர்க்கரைசலில் வைத்து ஒளி பாய்ச்சினார். பளிங்கிலிருந்து ஒட்சிசன் குமிழிகள் எழுந்தன. எதிரே நின்ற பிளாற்றினத்தில் ஐதரசன் தோன்றியது. பளிங்கோ கரையவில்லை. 1972இல் ‘நேச்சர்’ இதழில் இம்முடிவு வெளிவந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கவே, அறிஞர் பலரின் கவனம் இதன்பாற் சென்றது. அப்பளிங்கு உரூற்றைல் என்னும் கனிய வகையைச் சேர்ந்தது. நமது புல்மோட்டைக் கரைமணலிலும் அக்கனியம் உண்டு.

எனினும் ஒரு பெருங்குறை இருந்தது. நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 உவோற்று போதும். உரூற்றைலோ ஏறத்தாழ 3 இலத்திரன் உவோற்று ஆற்றலுள்ள ஒளியையே ஏற்கும். அஃதாவது கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்களே அதற்கு உணவு. நிலத்தை அடையும் ஞாயிற்றொளியில் இவை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவினவே. எஞ்சியதெல்லாம் வீண்.

ஆகவே வேறு பொருள்களை நாடினர். இரும்புத்துருவை ஒத்த இரும்பொட்சைட்டு மலிவானது. புலனாகும் ஒளியையும் ஏற்பது. ஆயின் ஒளியால் அதனுள் பிறக்கும் நேரேற்றங்கள் சில நானோமீற்றர் தொலைவு செல்லுமுன்னரே அழிந்துவிடும். அவை விரைவில் நீரை அடையுமாறு, அப்பொருளை மிக நுண்ணிய கிளைகளாக வளர்க்கும் முறையைச் சுவிற்சலாந்தின் உலோசான் நகரில் கிராற்செல் குழுவினர் 2006இல் கையாண்டனர். 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் தேணர், காசெலெவ் ஆகிய இருவரும் இருவகைக் குறைகடத்திகளை அடுக்கி, ஒளியாற்றலில் 12.4 வீதத்தை ஐதரசனாக மாற்றிக் காட்டினர். அக்கருவியோ விலை மிகுந்தது. கரைசலும் அதனை அரித்தது.

அரிப்பைத் தடுக்க 2014இல் கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தார் ஒரு வழி கண்டனர். எளிதில் அரிபடும் சிலிக்கன் மீது மெல்லிய உறையொன்றைப் போர்த்து, அதன்மேல் நிக்கலை ஊக்கியாக இட்டனர். அம்மின்வாய் 100 மணி நேரத்துக்கு மேலாக உழைத்தது. உறையாக அமைந்தது எது? அதே தைத்தேனியம் ஈரொட்சைட்டு! ஒளியை உண்ணுவதிற் பின்தங்கிய பொருள், பிறிதொன்றைக் காப்பதில் முன்னின்றது. ஒளியை ஏற்க ஒன்று, அரிப்பைத் தடுக்க ஒன்று, வினையை விரைவுபடுத்த ஒன்று எனப் பணியைப் பகிர்தலே இத்துறை கற்ற பாடம்.

மலிவு, திறன், நீடித்த உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மின்வாய் இன்னும் கைகூடவில்லை. நூறு மணி நேரம் போதாது. ஆண்டுக்கணக்கில் அது உழைத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நெடுவரிசைகளிற் காத்து நின்ற நமக்கு, இவ்வாய்வு எங்கோ நடைபெறும் வேடிக்கையன்று. வெயிலும் கடலும் நம்மிடம் குறைவின்றி உண்டு. அவற்றைப் பயன்கொள்ளும் அறிவை நம் மாணவரும் தேடிக் கற்பாராக.