ராஜாங்கப் பரிசும் தமிழ்ப் படமும்: தேசியத் திரைப்பட விருதுகளின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

செஞ்சிக்கு வடமேற்கே, சித்தகிரி முருகன் கோயில் கொண்ட குன்றின் அடியில், சந்தையும் கடைவீதியுமாக அமைந்த அவலூர்பேட்டையில், என் பாலிய வயதில் சினிமா என்றால் அது டூரிங் கொட்டகைதான். தரை டிக்கெட் வாங்கியவர்கள் முன்னிருப்பவரின் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வார்கள். புரொஜெக்டர் ஒன்றே ஆகையால் ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டும் சோடாப் பெட்டியும் உள்ளே நுழையும். முதலில் சர்க்காரின் செய்திப் படம் ஓடும்; அதற்குப் பின்னரே கதை தொடங்கும்.

அங்கேதான் எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' படத்தைக் கண்டேன். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714-ல் களத்தில் மடிந்த செஞ்சி மன்னன் தேசிங்கின் கதை எங்கள் வட்டாரத்தில் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஊறிக் கிடந்த கதை. ஆகவே, திரையில் குதிரை பாய்ந்தபோது கொட்டகையே எழுந்து நின்றது. அதே ஆண்டின் தமிழ்ப் படங்களுள் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றதோ கல்கியின் நாவலைத் தழுவிய 'பார்த்திபன் கனவு'. ஜனங்கள் எழுந்து நின்று ஏற்றுக்கொண்ட கதை ஒன்று, ராஜாங்கம் பரிசளித்த கதை மற்றொன்று என்னும் இந்த வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்ற வினா பல்லாண்டுகள் என்னை விடாது தொடர்ந்தது. அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. அரசின் பரிசு தமிழ்ப் படத்தை நாடி வந்த வேளைகளில், அது பெரும்பாலும் எழுத்தின் வாசல் வழியாகவோ இசையின் வாசல் வழியாகவோதான் நுழைந்தது என்பதும், படத்தைப் படமாகவே கண்டு மதிக்கும் நோக்கு மெல்ல மெல்லவே உருப்பெற்றது என்பதும் இதில் நிறுவ விழையும் கருத்தாகும்.

2. விசாரணையிலிருந்து பரிசு வரை

இந்நாட்டில் அரசாங்கம் சினிமாவை முதன்முதலில் நோக்கியது பரிசளிக்கும் கண்ணோடு அன்று, விசாரிக்கும் கண்ணோடு. 1927-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அமைத்த இந்திய சினிமாடோகிராப் கமிட்டிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் பிரபல வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அக்கமிட்டி ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு 1928-ல் விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தபோதிலும், அதன் சிபாரிசுகள் அலமாரியைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசுகள் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டான 1929-ல் என்பதையும், அவை திரைத் தொழிலாளரே தம்முள் கூடி அளித்துக்கொண்ட சம்மானங்கள் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் தகும். நம் நாட்டிலோ பரிசு தொழிலின் உள்ளிருந்து எழாமல் ராஜாங்கத்தின் கையிலிருந்து இறங்கியது. அதன் பிற்கால குணதோஷங்கள் பலவற்றிற்கும் வித்து இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது.

சுதந்திரத்திற்குப் பின் 1949-ல் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைந்து 1951-ல் அறிக்கை அளித்த திரைப்பட விசாரணைக் குழு, சினிமாவை வரி விதிப்பதற்கும் தணிக்கை செய்வதற்கும் மட்டுமே உரிய பண்டமாகக் கருதாமல், வளர்க்கத் தக்க கலையாகவும் கருதவேண்டும் என்ற எண்ணத்திற்கு உத்தியோகபூர்வமான வடிவம் கொடுத்தது. நிதியுதவி நிறுவனம், பயிற்சிக் கல்லூரி, ஆவணக் காப்பகம் ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாகத் தோன்றியது இந்த எண்ணத்தின் விளைவே. அவை யாவற்றிற்கும் முன்னதாக 1954-ல் செயலுக்கு வந்தது பரிசுத் திட்டம். கலைநயமும் தொழில் நுட்பமும் உயர்ந்து, கல்விப் பயனும் பண்பாட்டுப் பயனும் விளைவிக்கும் படங்களை ஊக்குவிப்பதே அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் வட்டாரக் குழுக்கள் படங்களைப் பார்த்துப் பரிந்துரைக்க, மத்தியக் குழு முடிவு செய்வது தொடக்க கால நடைமுறையாக இருந்தது.

1953-ஆம் ஆண்டுப் படங்களுக்காக 1954 அக்டோபரில் நடந்த முதல் பரிசளிப்பு விழாவில், பி.கே. ஆத்ரே இயக்கிய 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படம் குடியரசுத் தலைவரின் பொற்பதக்கம் பெற்றது. சானே குருஜியின் நூலைத் தழுவிய அப்படம், தாய் ஒருத்தி மகனுக்கு ஊட்டும் நல்லொழுக்கத்தைப் பேசுவது. ஆகவே அறிவிக்கப்பட்ட நோக்கத்திற்கும் முதல் தேர்வுக்கும் முரண்பாடு சிறிதும் இல்லை. அதே விழாவில் ஆவணப் படத்திற்கான பொற்பதக்கத்தைப் பெற்றது, பிலிம்ஸ் டிவிஷனுக்காக ஜகத் முராரி இயக்கிய 'மகாபலிபுரம்'. தமிழ்ப் படம் ஒன்றும் பொன்னைத் தொடாத அந்த முதல் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் கல் தொட்டுவிட்டது என்பது நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி.

3. வெள்ளிப் பதக்கமும் எழுத்தின் வாசலும்

இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பாஷைக்கும் தனித்தனியே பரிசளிக்கும் முறை புகுந்தது. அகில இந்தியப் பொற்பதக்கம் ஒன்று, மொழிவாரி வெள்ளிப் பதக்கங்கள் பல, அவற்றின் கீழ் நற்சான்றிதழ்கள் எனப் படிகள் அமைந்தன. பல மொழிகள் வழங்கும் ஒரு நாட்டில் இதனினும் நியாயமான ஏற்பாட்டை எண்ணுவது கடினம். 1954-ஆம் ஆண்டுக்கான தமிழ் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது, கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஏற்ற பாத்திரங்கள் ஆகியவை கூடிய அப்படம் கொட்டகைகளிலும் பெருவெற்றி கண்டது. ஜனரஞ்சகமும் ராஜாங்க அங்கீகாரமும் ஒரே படத்தில் கூடிய சுபமான தொடக்கம் அது. பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' அவ்வாண்டில் நற்சான்றிதழ் பெற்றதும் நடுவர்களின் ரசனைக்குச் சான்று.

ஆயினும் பட்டியலைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு ஒரு நியதி புலப்படும். 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞருடையது. 'பார்த்திபன் கனவு' கல்கியுடையது. 1968-ன் சிறந்த தமிழ்ப் படமான 'தில்லானா மோகனாம்பாள்' கொத்தமங்கலம் சுப்புவினுடையது. 1973-ன் 'திக்கற்ற பார்வதி' ராஜாஜியினுடையது. 1981-ன் 'தண்ணீர் தண்ணீர்' கோமல் சுவாமிநாதனின் நாடகம். பத்திரிகைத் தொடராகவோ புத்தகமாகவோ மேடை நாடகமாகவோ முன்பே மதிப்புப் பெற்ற கதை, பரிசுக்குழுவின் முன் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு சென்று நின்றது போலும். ஆவணத்தில் எழுதப்படாத இந்த மரபை, படங்களின் மூலத்தை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலன்றி உணர இயலாது. கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழ்ந்த தேசிங்குக்கு அத்தகைய கடிதத்தை எழுதிக் கொடுப்பார் எவரும் இலர்.

எழுத்தாளரே காமிராவின் பின் நின்ற அரிய நிகழ்ச்சியும் இக்காலத்தில் நேர்ந்தது. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' மத்திய அரசின் நற்சான்றிதழ் பெற்றது. ஆனால் அதைத் திரையிட முன்வந்த கொட்டகைகள் மிகச் சில. பரிசு பெற்ற படம் ஜனங்களைச் சென்றடைய வேண்டும் என்பதற்கு அத்திட்டத்தில் வழி ஏதும் வகுக்கப்படவில்லை என்ற பெருங்குறை அன்றே வெளிப்பட்டது.

4. தனிக் கலைஞரும் இசையின் வாசலும்

முதல் பதினான்கு ஆண்டுகள் பரிசு படத்திற்கே உரியதாக இருந்தது. 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் நடிகர்க்கும் தொழில்நுட்பக் கலைஞர்க்கும் தனிப் பரிசுகள் ஏற்பட்டன. சிறந்த நடிகருக்கான 'பாரத்' என்ற பட்டத்தை உத்தம் குமாரும், சிறந்த நடிகைக்கான 'ஊர்வசி' என்ற பட்டத்தை நர்கிஸும் முதலில் பெற்றனர்.

தமிழுக்கு இம்மாறுதலால் விளைந்த நன்மையை எத்துணை வியந்தாலும் தகும். சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் பரிசு, 1967-ல் 'கந்தன் கருணை'க்காகக் கே.வி. மகாதேவனுக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டு, சிறந்த பாடலாசிரியருக்கான முதல் பரிசைக் 'குழந்தைக்காக' படத்தின் பொருட்டுக் கண்ணதாசனும், சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் பரிசை 'உயர்ந்த மனிதன்' படத்தின் பொருட்டு பி. சுசீலாவும் பெற்றனர். இசை, சொல், பெண்குரல் ஆகிய மூன்று துறைகளிலும் முதற்பரிசு தமிழ்ப் படத்திற்கே வந்தது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. நாடக மேடையின் பாட்டுமரபை உண்டு வளர்ந்த தமிழ் சினிமாவில் இசையே முதலில் முதிர்ந்தது. நடுவர்கள் அம்முதிர்ச்சியைக் கண்டுகொண்டனர். பின்னர் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் வாணி ஜெயராமும், '16 வயதினிலே'யில் எஸ். ஜானகியும், 'சிந்து பைரவி'யில் இளையராஜாவும் சித்ராவும், 'ரோஜா'வில் ஏ.ஆர். ரகுமானும் பெற்ற பரிசுகள் அதே வாசலின் தொடர்ச்சியே.

நடிப்பில் 1971-க்கான 'பாரத்' பட்டம் 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்காக எம்.ஜி.ஆரை அடைந்தது. நடிப்பென்றால் தமிழர் முதலில் உச்சரிக்கும் பெயரான சிவாஜி கணேசனுக்கோ, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காக 1960-ல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவின் சிறந்த நடிகர் பரிசு கிடைத்திருந்தும், தாய்நாட்டின் சிறந்த நடிகர் பரிசு ஒருபோதும் வாய்க்கவில்லை. 1996-க்கான தாதாசாகேப் பால்கே விருது அவர் முதுமையில் வந்து சேர்ந்தது. பரிசுப் பட்டியலை ஒரு கலையின் முழுச் சரித்திரமாகக் கொள்ளுதல் எத்துணைப் பிழை என்பதை உணர்த்த இந்த ஓர் உதாரணமே போதும்.

5. பொற்றாமரை

1973-ல் திரைப்பட விழாக்களுக்கென ஓர் இயக்ககம் ஏற்பட்டு விருதுப் பொறுப்பை ஏற்றது. எழுபதுகளில் பதக்கங்களும் ஸ்வர்ண கமலம், ரஜத கமலம் என்று பெயர் மாறின. பரிசுக்குழுவின் பார்வையும் இதே காலத்தில் மாறத் தொடங்கியது. 'செம்மீன்' 1965-லும், 'சம்ஸ்காரா' 1970-லும், 'சுயம்வரம்' 1972-லும் அகில இந்தியச் சிறந்த படத்திற்கான தலைமைப் பரிசைப் பெற்று, தென்னகத்தின் மலையாளமும் கன்னடமும் முந்திச் சென்றன. தமிழிலும் வேறொரு தலைமுறை எழுந்தது. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977-லும், துரையின் 'பசி' 1979-லும் சிறந்த தமிழ்ப் படங்களாகத் தேர்வாயின. 'பசி'யின் ஷோபா சிறந்த நடிகையானார். அசோக்குமாரும் பாலு மகேந்திராவும் பி.சி. ஸ்ரீராமும் ஒளிப்பதிவுக்காகப் பெற்ற பரிசுகள், தமிழ்ப் படத்தின் காட்சியும் கவனிக்கப்படத் தொடங்கியதன் அடையாளம். அச்சேறிய கதையின் சிபாரிசு இல்லாமலே ஒளியும் நிழலும் தாமே பேசிய காலம் இது. சொந்தமாக ஒரு வீடு கட்ட முயலும் பெண்ணின் துயரத்தை வசனத்தால் விளக்காமல், அரைகுறைச் சுவர்களையும் சிமென்ட் மூட்டைகளையும் காட்டியே உணர்த்திய பாலு மகேந்திராவின் 'வீடு' 1987-ன் சிறந்த தமிழ்ப் படமாயிற்று. அதன் அர்ச்சனா சிறந்த நடிகையானார்.

தலைமைப் பரிசு தமிழுக்கு முதன்முதலில் வந்தது 1990-ஆம் ஆண்டுக்காக. சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' அப்பேற்றைப் பெற்றது. அதுவும் இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' என்னும் கதையைத் தழுவியது என்பதால், பழைய வாசல் அடைபடவில்லை என்பது தெளிவு. பின்னர் நெசவாளர் வாழ்வைச் சொன்ன 'காஞ்சிவரம்' 2007-க்கும், விமான நிறுவனம் தொடங்கிய கோபிநாத்தின் சுயசரிதையைத் தழுவிய 'சூரரைப் போற்று' 2020-க்கும் அதே பரிசைப் பெற்றன. எழுபது ஆண்டுகளில் மூன்று முறை. இவ்வெண்ணிக்கை தமிழ்ப் படத்தின் தகுதியை அளக்கும் கோல் அன்று. எனினும் அடித்தளத்து ரசனைக்கும் உச்சத்து அங்கீகாரத்திற்கும் இடையே நிலவிய தூரத்தை அது ஒருவாறு காட்டுகிறது.

6. முடிவுரை

அத்தூரம் ஒரு சிறிது குறைந்த காலத்தையும் நான் கண்டிருக்கிறேன். எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்தோறும் பரிசு பெற்ற பிறமொழிப் படங்களை ஒளிபரப்பியபோது, வங்காளத்தாரும் கன்னடத்தாரும் எடுத்த படங்கள் பஞ்சாயத்துத் தொலைக்காட்சிப் பெட்டி வழியே எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் நுழைந்தன. பாஷை விளங்காமலே கண்கலங்கிய பெரியவர்களை நான் அறிவேன். பரிசு பெற்ற படத்தைப் பார்வைக்குக் கொண்டுவந்தால் பாமரரும் அதை ஏற்பர் என்பதற்கு அதற்கு மேல் வேறு நிரூபணம் வேண்டுவதில்லை.

பரிசின் கடமை பதக்கம் அணிவிப்பதோடு முடிவதன்று. படத்தைக் காப்பதிலும் காட்டுவதிலும் அது நிறைவு பெற வேண்டும். 'வீடு' படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துபோயிற்று என்று பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் மேடைகளில் வருந்திச் சொல்லி, தமிழ்ப் படங்களுக்கென ஒரு காப்பகம் வேண்டும் என்று மன்றாடினார். அரசு பரிசளித்துப் பெருமைப்படுத்திய ஒரு படத்தின் கதியே இதுவாயின், கொட்டகையோடு மறைந்த மற்றப் படங்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

செஞ்சிக் கோட்டை 2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நெற்களஞ்சியமும் கல்யாண மகாலும் கல்லும் சுண்ணாம்புமாக அதுவரை நின்றிருந்ததனால்தான் அந்தக் கௌரவம் அவற்றைத் தேடி வர முடிந்தது. பிலிமுக்குக் கல்லின் ஆயுள் இல்லை. அவலூர்பேட்டையில் மணல் மேட்டில் அமர்ந்து ஒரு சிறுவன் பார்த்த படமும், தில்லியில் நடுவர்கள் பார்த்துத் தேர்ந்த படமும், இனிப் பிறக்கும் தமிழ்க் குழந்தை ஒன்று ஒருங்கே எடுத்துப் பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்லும்படி பத்திரமாக இருக்க வேண்டும். அதற்கான காப்பகத்தைத் தமிழ்நாட்டில் எழுப்புவதே, இதுவரை அளித்த பதக்கங்கள் அனைத்திற்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.