கேமரா இல்லாதவர்களின் போர்: சயாம் மரண ரயிலும் தொலைக்காட்சி ஆவணப்படங்களும்

காஞ்சனபுரியில் இன்று சுற்றுலாப் பயணிகள் நடந்து கடக்கும் இரும்புப் பாலத்தில் இருவகைக் கண்கள் உண்டு. வில்லாக வளைந்தவை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. நடுவே கோண வடிவில் நிற்கும் இரண்டும், 1945இல் நேச நாட்டு விமானங்கள் தகர்த்த பகுதியை நிரப்பப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை. கோணக் கண்களைக் காட்டி அதன்மேல் ‘1943’ என்று எழுதும் ஆவணப்படத்தை யாரும் குறை சொல்வதில்லை. வருணனையில் ஓர் ஆண்டு தவறினால் சுட்டிக்காட்டும் நேயர்கள் கூடப் படத்தில் உள்ள தவற்றைக் கவனிப்பதில்லை. போர்க்கால வரலாற்றுப் படங்களின் நம்பகத்தைச் சொற்களை மட்டும் வைத்து அளக்கும் இந்தப் பழக்கம் மலேசியத் தமிழர் வரலாற்றுக்குப் பெருங்கேடு செய்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள, அந்தப் பாலம் அமைந்த சயாம் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் உழைத்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல்; இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாதவர்கள். அவர்களில் இறந்தோர் சுமார் 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 அளவில். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

இந்த விகிதம் திரைக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த, இப்பாலத்தைப் பற்றிய டேவிட் லீனின் திரைப்படம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை மையத்தில் நிறுத்தியது. பின்வந்த ஆங்கில ஆவணப்படங்கள் பலவும் அதற்கு மறுப்புச் சொல்வதிலேயே முனைந்தன: அந்த அதிகாரியோடு ஒப்பிடப்படும் கர்னல் டூசி உண்மையில் எப்படிப்பட்டவர், பாலம் எப்படி இடிந்தது என்று. மறுப்பும் அதிகாரிகளின் வட்டத்துக்குள்ளேயே நின்றது. மூலக்கதையை எழுதிய பியேர் பூல் போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பணியாற்றியவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

தயாரிப்பாளர்களின் மனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் காப்பகத்திலேயே இருக்கிறது. கைதியான ஜாக் சாக்கர் முகாமில் ஒளித்து வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியரான ஜார்ஜ் ஆஸ்பினால் களவாக எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போனவரிடம் பென்சில் இல்லை, திரும்பி வந்தபோது கேட்பாரும் இல்லை. ஆகவே வருணனையாளர் ‘ஆசியத் தொழிலாளர்களும் மாண்டனர்’ என்று ஒரு வரி சொல்லும்போதும் திரையில் வெள்ளைக் கைதிகளே மெலிந்து நிற்கிறார்கள். சொல்லும் உண்மை, படமும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் கொண்டுபோகும் வரலாறு பொய். 1973இல் தேம்ஸ் தொலைக்காட்சி வெளியிட்ட 26 பகுதித் தொடரான ‘தி வேர்ல்ட் அட் வார்’ நடிப்புக் காட்சிகளை அறவே தவிர்த்தது. போற்றத்தக்க நேர்மை அது. ஆனால் படமெடுக்கப்படாத மக்களுக்கு அந்த நேர்மையிலும் இடம் கிடைப்பது அரிது.

தமிழில் இந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பியவை நாவல்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் வரலாற்றாசிரியர்கள் தொடாத இடத்தில் நின்றவை. உயிர்பிழைத்தவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்த ‘சயாம் பர்மா மரண ரயில் பாதை’ ஆவணப்படத்துக்கும் அந்தப் பெருமை உண்டு. அந்த வாய்மொழிகள் இனி யாராலும் சேகரிக்க முடியாதவை. இந்த நன்றியோடுதான் ஒரு கவலையையும் சொல்கிறேன். இவற்றின் வழியில் வரும் சிறு நிகழ்ச்சிகளில் நடித்தெடுத்த காட்சி ‘நடிப்பு’ என்ற குறிப்பில்லாமல் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. வேறோர் இடத்து எலும்புக்கூடு சயாமுக்கு வந்துவிடுகிறது. இறந்தோர் தொகையும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஏறுகிறது. நம் துயரத்துக்கு மிகை தேவையில்லை. மிகை மெய்யையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

வாய்மொழியைக் கையாளும் முறையிலும் குறை உண்டு. இன்று பேசுகிறவர் அன்று குழந்தை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி அழைத்ததும், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் போருக்குப் பிந்தைய பதிவுகளிலும் உள்ளவை. லயத்து வாசலில் கிராணி யார் பெயரைக் கூப்பிட்டார், எந்த ஸ்டேஷனில் ரயிலேற்றினார்கள், அம்மா கையில் என்ன கொடுத்தனுப்பினார் என்று கேட்டால் அந்தக் குழந்தையின் சாட்சியம் கல்வெட்டுப்போல் நிற்கும். முகாமில் வாந்திபேதி வந்த நாளைப் பற்றி அதே மனிதரிடம் கேட்பது செவிவழிச் செய்தியைச் சாட்சியமாக்குவது. அதற்கு வேறு ஆவணம் இருக்கிறது: தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்க 1943இல் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட ‘கே’, ‘எல்’ குழுக்களைச் சேர்ந்த கைதிகள் விட்டுச்சென்ற பதிவுகள்.

இன்னொரு பிழை, ஒரே வரலாற்றை இரண்டு நிகழ்ச்சிகளாகப் பிரிப்பது. நேதாஜியைப் பற்றிய படத்தில் அணிவகுப்பு. ரயிலைப் பற்றிய படத்தில் பிணக்குழி. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இவை ஒரே குடும்பத்தின் கதைகள். 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இராணுவம் சுட்டு அடக்கியது, ஐவர் மாண்டனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 11இல் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தபோது, வெள்ளைக்காரத் துரைமீது கொண்ட அந்தக் கசப்பு ஆறியிருக்கவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பலர் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றோடு, சயாமுக்குப் பிடித்துப்போவதிலிருந்து தப்பும் எண்ணமும் காரணம். அந்த இராணுவத்தினர் பலர் பர்மா போர்முனைக்குப் போனதும் இதே தண்டவாளத்தின்மேல்தான். இந்த முடிச்சைக் காட்டாத படம், தகவல் பிழை ஒன்றுகூட இல்லாமலே, பிழையான படமாகிவிடுகிறது.

படமில்லை என்ற சாக்கும் முழு உண்மையாகாது; காட்டுவதற்கு இங்கேயே இடங்கள் உண்டு. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்கள் சயாமுக்குப் போயின. ரயில்வே தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், தொலைக்காட்சியில் பெரும்பாலும் வண்ண வளைவும் பூக்கடையுமாகவே வருகிறது. ரயில்வேயின் போர்க்கால வரலாற்றை அங்கிருந்தே தொடங்கலாம். தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. திரையில் ஒவ்வொரு பழைய காட்சியின் ஓரத்திலும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று ஒரு வரி போடப் பெரிய செலவும் இல்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே போடலாம்.

தப்பி ஓடியவர்களின் கதையைத்தான் இதுவரை எந்தப் படமும் போதிய அளவு சொல்லவில்லை. போருக்குப் பிந்தைய கணக்கில் மலாயாத் தொழிலாளர்களில் ஓடிப்போனவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அழிவை மட்டுமே காட்டும் மரபு இவர்களை முயற்சியற்ற பிணங்களோடு சேர்த்துவிட்டது. எந்தக் காட்டு வழியில் நடந்தார்கள், எந்தத் தாய்லாந்துக் கிராமம் சோறு போட்டது, எத்தனை பேர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள்? இந்தக் கேள்விகளோடு அடுத்த படக்குழு கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் அவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டும், இந்த ஆண்டே.