இணைய வேகம் வேறு, டேட்டா அளவு வேறு: நமது தேவையைக் கணக்கிடுவது எப்படி?

புது டெல்லி: வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் என்று கூறி விற்கப்படும் பிராட்பேண்ட் இணைப்பில் ஒரு கோப்பைப் பதிவிறக்கம் செய்தால், திரையில் 11 அல்லது 12 என்ற எண்தான் தெரிகிறது. ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று கருதி நிறுவனத்திடம் புகார் அளிப்போரும் உண்டு. பெரும்பாலும் அதில் குறைபாடு எதுவும் இருப்பதில்லை. இணைப்பின் வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் குறிப்பிடப்படுகின்றன. 8 பிட்கள் சேர்ந்தது 1 பைட் என்பதால், 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் ஆகும். டேட்டாவுடன் முகவரி முதலிய தகவல்களும் சேர்ந்து பயணிப்பதால், நடைமுறையில் இந்த அளவு சற்றுக் குறையும்.

இரு வேறு அளவுகள்: வேகம் என்பது குழாயின் அகலத்தைப் போன்றது. டேட்டா அளவு என்பது அந்தக் குழாய் வழியாக மாதம் முழுவதும் பிடித்த தண்ணீரைப் போன்றது. இணையத் திட்டத்தைத் தேர்வு செய்வோர் இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். இதற்கு ஒரே ஒரு கணக்கு போதுமானது. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் டேட்டா பாய்ந்தால், 450 எம்பி செலவாகும். அதே வேகம் 30 நாட்களுக்குத் தொடர்ந்தால், மொத்தம் 324 ஜிபி.

செல்போனில் 40 நிமிடங்கள்: நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி வழங்கும் திட்டத்தில், வினாடிக்கு 5 மெகாபிட் தேவைப்படும் முழு ஹெச்டி காணொலியைப் பார்த்தால், அன்றைய டேட்டா 40 நிமிடங்களில் தீர்ந்துவிடும். காணொலியின் தரத்தை 1 மெகாபிட் அளவுக்குக் குறைத்துக்கொண்டால், அதே டேட்டா 3 மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கும். சிறிய திரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

அன்றைய அளவு முடிந்த பிறகு, பல திட்டங்களில் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாக, அதாவது 8 கிலோபைட்டாகக் குறைக்கப்படுகிறது. குறுஞ்செய்தி அனுப்ப அது போதும். ஆனால், தேர்வுக்கான 2 எம்பி ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்க 4 நிமிடங்களுக்கு மேல் ஆகும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் கட்டணம் செலுத்தும் பக்கம் பாதியில் நின்றுபோக இதுவே போதுமானது. அத்தகைய நாட்களில் காலையிலேயே காணொலிகளைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டுக்கு எவ்வளவு வேகம்?: வீட்டில் எத்தனை பேர் உள்ளனர் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் இயங்குகின்றன என்பதே முக்கியம். இரவு 8 மணி முதல் 10 மணி வரையிலான நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். முழு ஹெச்டிக்கு 5 மெகாபிட், 4கே தரத்துக்கு 15 மெகாபிட் வேகத்தை நெட்பிளிக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. தொலைக்காட்சியில் 4கே படம், ஒருவரின் அலுவலகக் காணொலிக் கூட்டத்துக்கு 4 மெகாபிட், பிள்ளையின் இணையவழி வகுப்புக்கு 3, மற்றொருவரின் செல்போனுக்கு 5 எனக் கூட்டினால் மொத்தம் 27. செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதற்காக மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தாலும் 36 மெகாபிட்தான். இத்தகைய குடும்பத்துக்கு 50 மெகாபிட் இணைப்பே போதும். 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவதால் பெரிய கோப்புகள் விரைவாக இறங்குமே தவிர, படத்தின் தரம் கூடாது.

சிசிடிவி தரும் அதிர்ச்சி: வேகத்தைச் சரியாகக் கணக்கிட்டவர்களும் சறுக்கும் இடம் இது. வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாகப் படம்பிடித்து கிளவுட் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஒரு கேமரா, நாளொன்றுக்கு 21.6 ஜிபி செலவழிக்கிறது. 4 கேமராக்கள் எனில் மாதத்துக்கு 2,592 ஜிபி. 'வரம்பற்றது' என விளம்பரப்படுத்தப்படும் பல ஃபைபர் திட்டங்களுக்கு, நியாயமான பயன்பாட்டு வரம்பு என்ற பெயரில் மாதம் 3,300 ஜிபி எல்லை உள்ளது. பதிவேற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திட்டமானால், குடும்பத்தினருக்கு எஞ்சுவது 708 ஜிபி மட்டுமே. தினமும் 3 மணி நேரம் 4கே படம் பார்த்தாலே 600 ஜிபிக்கு மேல் போய்விடும். கேமராக்களை அசைவு தென்படும்போது மட்டும் பதிவு செய்யுமாறு அமைப்பதும், பதிவுகளை வீட்டிலுள்ள சேமிப்புக் கருவியிலேயே வைத்துக்கொள்வதும் இதற்குத் தீர்வாகும்.

உச்ச நேரமே அளவுகோல்: மாத மொத்தத்தை வைத்து வேகத்தை முடிவு செய்தால், வீட்டில் படம் சற்று நின்று ஓடும், அவ்வளவுதான். இணையதளம் நடத்தும் கல்வி நிறுவனத்துக்கோ அது பெரும் சிக்கலாகிவிடும். தேர்வு முடிவு நாளில், 2 எம்பி அளவுள்ள பக்கத்தை 1 லட்சம் பேர் ஒருமுறை திறப்பதாகக் கொள்வோம். மொத்த டேட்டா வெறும் 200 ஜிபி. ஒரு மணி நேரத்தில் சீராக வந்தால், வினாடிக்குச் சுமார் 444 மெகாபிட் வேகம் போதும். ஆனால் மாணவர்கள் சீராக வருவதில்லை. அவர்களில் பாதிப் பேர் முதல் 5 நிமிடங்களில் குவிந்தால், தேவை 2,667 மெகாபிட்டாக, ஏறத்தாழ 6 மடங்காக உயர்கிறது.

அலங்காரப் படங்களை நீக்கி, மதிப்பெண் பக்கத்தை 200 கேபி ஆகச் சுருக்கினால், அதே கூட்டத்தை 267 மெகாபிட் வேகத்தில் சமாளிக்கலாம். கூடுதல் சர்வர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே. சிபிஎஸ்இ முடிவுகள் டிஜிலாக்கர், உமங் போன்ற தளங்களிலும் வெளியிடப்படுவதால், நெரிசல் பல இடங்களுக்குப் பிரிந்துவிடுகிறது.

வேகத்தைச் சோதிப்பது எப்படி?: பிராட்பேண்ட் எனப்படுவதற்கான குறைந்தபட்சப் பதிவிறக்க வேகத்தை, வினாடிக்கு 512 கிலோபிட்டில் இருந்து 2 மெகாபிட்டாக மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் உயர்த்தியது. தமது இணைப்பின் வேகத்தை அறிய விரும்புவோர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியைப் பயன்படுத்தலாம். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை என இருவேளை சோதிப்பது அவசியம். பதிவிறக்க வேகத்துடன் பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வைஃபையில் வேகம் குறைவாகத் தெரிந்தால், மடிக்கணினியை ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைத்து மீண்டும் சோதிக்கலாம். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் செலுத்தியும் வேகம் 95ஐத் தாண்டவில்லை எனில், ரவுட்டரின் கேபிள் துளை 100 மெகாபிட் வரை மட்டுமே தாங்கும் பழைய வகையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.