இறப்பு வீதமும் மாவட்டச் சராசரியும்

இலங்கை வரலாற்றில் எண்களாற் புகழ்பெற்ற ஆண்டுகளுள் 1946, 1947 ஆகியன தலையாயவை. ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஓராண்டுள் 14 அளவிற்கு வீழ்ந்தது. டி.டி.ரீ. தெளிப்பு நாட்டில் விரிவடைந்ததும் அக்காலமே. 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 உயிர்களை இழந்த நாடு இவ்விரண்டையும் காரணகாரியமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயின் உடனிகழ்ச்சி ஒன்றே காரணத்தை நிறுவாது.

பின்வந்த ஆய்வாளர் மாவட்டந்தோறும் சிறுவரிடை மண்ணீரல் வீக்க வீதத்தைக்கொண்டு மலேரியாவின் கடுமையை மதித்து, இறப்பு வீழ்ச்சியோடு இணைத்து நோக்கினர். வீழ்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்கிற்குச் சற்று மேலானது மலேரியா ஒழிப்பின் பயன் என்றார் பீற்றர் நியூமன். 1974இல் கிறே அதனை நாலிலொரு பங்களவிற்குக் குறைத்தார். மலேரியா அருகிய மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருந்தது. உணவையும் மருத்துவ வசதியையும் கணக்கிற் கொள்ளாதிருத்தல் எங்ஙனம்? கருவி ஒன்றே, அதனிடம் கேட்கப்பட்ட வினாவே வேறு.

இனித் திருக்கோவிலை நோக்குவோம். அம்பாறை மாவட்டம் 1961இலேயே பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் முதலாய கரையூர்களும், மேற்கே பட்டிப்பளை ஆற்றுக் காட்டுப்புறமும் மட்டக்களப்பு என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்கின. நோய் பரப்பும் நுளம்போ ஆற்றுப்படுகைக் குட்டைகளின் தெளிந்த நீரிற் பெருகுவது. கடலோர மணற்பரப்பில் வாழ்ந்தார்க்கும் உட்காட்டிற் சேனை செய்தார்க்கும் ஒரே எண்ணை வழங்கிய அட்டவணை மாவட்டத்தைப் பற்றிப் பொய் கூறவில்லை. திருக்கோவிலைப் பற்றி எதுவுமே கூறவில்லை. தொகுதிகளுக்கிடையே காணும் இணைபைத் தனியாட்கள்மேல் ஏற்றலாகாது என றொபின்சன் 1950இலேயே காட்டியிருந்தார்.

மற்றுமொரு சிக்கலும் உண்டு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியதும் பிறமாவட்டக் குடியேற்றத்தார் வந்து சேர்ந்தனர். இளங்குடும்பங்கள் மிகுமிடத்து, நோய்நிலை மாறாதிருப்பினும் பருமட்டான இறப்பு வீதம் தானே தாழும். ஆதலின் வயதுவாரியாகப் பிரித்துப் பதிவாளர் பிரிவுகளின் இறப்புப் பதிவேடுகளையே நாடுதல் வேண்டும். அங்கும் எச்சரிக்கை தேவை: சிற்றூரில் ஆண்டொன்றிற் சில பதின்மரே இறப்பர், ஒரு வெள்ளமோ ஒரு காய்ச்சற் பருவமோ அவ்வாண்டின் வீதத்தை இருமடங்காக்கிவிடும். ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்தே அவ்வேடுகளைக் கணக்கிடல் தகும்.