ஆள் தெரிந்த சீட்டும் ஆள் தெரியாத சீட்டும்

மாதச் சம்பளத்திலோ அன்றாடக் கூலியிலோ நடக்கும் குடும்பத்துக்குச் செலவு இருவகையாக வருகிறது. அரிசி, பால், வாடகை என்று சிறுகச் சிறுக வருவது ஒன்று. திருமணம், பிரசவம், கூரை மாற்றுதல், பிள்ளைகளின் படிப்பு என்று ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்பது மற்றொன்று. வருமானம் முதல்வகைச் செலவுக்கு ஏற்றபடிதான் கைக்கு வருகிறது. இரண்டாவதற்கு வேண்டிய மொத்தத் தொகை எந்த மாதத்திலும் சேர்வதில்லை. வங்கிக் கணக்கு என்ற ஒன்றை அறியாத காலத்திலேயே தென்னிந்தியக் குடும்பங்கள் இந்த இடைவெளியை நிரப்பக் கைக்கொண்ட ஏற்பாடு சீட்டு. அறிமுகமான சிலர் கூடி, ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரே அளவு பணம் கட்டி, சேர்ந்த மொத்தத்தை மாதம் ஒருவராக எடுத்துக்கொண்டு, எத்தனை பேரோ அத்தனை மாதத்தில் கணக்கை முடிப்பதே அதன் அடிப்படை. தொடக்கத்தில் எடுப்பவர் கடன் வாங்கியவர் ஆகிறார்; கடைசியில் எடுப்பவர் சேமித்தவர் ஆகிறார்; நடுவில் எடுப்பவர் பாதிக் காலம் சேமித்து மீதிக் காலம் கடன் அடைக்கிறார்.

இந்த வழக்கம் தமிழகத்தில் எப்போது தொடங்கியது என்பதைவிட, அது எழுத்தில் எப்படிப் பதிவானது என்பது தெளிவாகத் தெரிகிறது. சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளின் முதல் தொகுதியிலேயே, 1863-ஆம் ஆண்டில், காமாட்சி ஆசாரிக்கும் அப்பாவு பிள்ளைக்கும் இடையிலான ஒரு சீட்டு வழக்கு இடம்பெற்றுள்ளது. இருபது பேர் சேர்ந்து, தலைக்கு 200 ரூபாயை மாதம் 10 ரூபாய் வீதம் 20 மாதங்களில் கட்டுவதென்றும், மாதந்தோறும் சேரும் 200 ரூபாயைக் குலுக்கலில் பெயர் வந்தவருக்குக் கொடுப்பதென்றும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அரசின் அனுமதியில்லாத லாட்டரிகளை 1844-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் தடைசெய்திருந்ததால், குலுக்கலில் முறை வைக்கும் சீட்டும் லாட்டரிதானா என்ற கேள்வி எழுந்தது. சீட்டில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் கட்டிய பணம் முழுவதும் எப்படியும் திரும்பி வருகிறது, முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதை மட்டுமே குலுக்கல் முடிவுசெய்கிறது, எனவே இது சட்டவிரோதமான லாட்டரி ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பின் பயன் பெரிது. வேறுவிதமாகத் தீர்ந்திருந்தால், முதல் மாதமே பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தவணை கட்ட மறுப்பவர் மீது வழக்குத் தொடுக்கக்கூட மற்றவர்களுக்கு வழி இருந்திராது.

அந்த வழக்கில் காணும் வகை குலுக்கல் சீட்டு. இதில் வட்டி என்ற பேச்சே இல்லை. முன்னால் எடுப்பவருக்குக் கிடைக்கும் நன்மைக்கு அவர் எதுவும் விலை கொடுப்பதில்லை. அவசரத் தேவை உள்ளவருக்கு முதல் மாதம் கிடைக்கவும் கிடைக்கலாம், கடைசி மாதம் வரை கிடைக்காமலும் போகலாம் என்பதே அதன் குறை. இக்குறையைத் தீர்க்க எழுந்தது ஏலச்சீட்டு. பணம் தேவைப்படுபவர்கள் மொத்தத் தொகையில் எவ்வளவை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று ஏலம் கூற, அதிகம் விட்டுக்கொடுப்பவர் எடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த தொகையைத் தள்ளு அல்லது கழிவு என்பார்கள். அதிலிருந்து சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் சமமாகப் பிரிந்து, அந்த மாதம் கட்டவேண்டிய தவணையில் குறைந்துவிடுகிறது. மாதத் தவணையுடன் நில்லாமல், தீபாவளிக்குத் துணியும் பலகாரச் சாமானும் தரும் தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு என்று பொருளை முன்வைத்த வகைகளும் கிளைத்தன; அவற்றில் பல, பெயரால் மட்டுமே சீட்டு.

ஏலச்சீட்டின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அதில் சேர்ந்திருக்கும் பல குடும்பங்கள், தாங்கள் கொடுக்கும் வட்டி எவ்வளவு, பெறும் வட்டி எவ்வளவு என்பதை ஒருமுறையும் கணக்கிட்டதில்லை. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று கொள்ளலாம். மூன்றாம் மாதத்தில் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000 வருகிறது. தள்ளில், சீட்டின் மொத்தத் தொகையில் ஐந்து விழுக்காடான 5,000 கமிஷனாகப் போக மீதி 20,000 ரூபாயை இருபதால் வகுத்தால் தலைக்கு ஆயிரம். ஆகவே அந்த மாதம் அனைவரும் 4,000 கட்டினால் போதும். மாதங்கள் செல்லச்செல்லத் தள்ளு குறைந்து, கடைசியில் கமிஷன் மட்டுமே மிஞ்சும். இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டிய மொத்தம் 90,000 என்று வைத்துக்கொண்டால், கடைசியாக எடுப்பவர் 95,000 பெறுகிறார். அவருக்குக் கிடைத்த 5,000 ரூபாய், பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்த காலத்தைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழெட்டு விழுக்காடு வட்டி. மூன்றாம் மாதத்தில் எடுத்தவரோ அதே 90,000 கட்டி 75,000 பெற்றிருக்கிறார். பெறும்போது மூன்று தவணை கட்டியிருந்ததால், அவர் உண்மையில் வாங்கிய கடன் 63,000 அளவே; அதற்கு அவர் தரும் வட்டி, ஊர்ப்பேச்சில் சொன்னால், நூற்றுக்கு மாதம் இரண்டே கால் முதல் இரண்டரை ரூபாய் வரை. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் இது எவ்வளவோ மேல். வங்கியில் நகையை அடகு வைக்க முடிகிறவருக்கு இது அதிகம். கடனுக்கும் சேமிப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்த்து, சீட்டு ஒரு சுரண்டல் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. வித்தியாசத்தின் ஒரு பகுதி கமிஷனாகப் போக, பெரும்பகுதி உடன் சேர்ந்த மற்றக் குடும்பங்களுக்கே போகிறது.

கணக்கில் தோன்றாத மற்றொன்றுதான் சீட்டை உண்மையில் தாங்கியது. முன்னால் எடுத்தவர் மீதித் தவணைகளை ஏன் கட்டுகிறார்? பழைய சீட்டில் அதற்குப் பத்திரம் பெரும்பாலும் கிடையாது. எடுத்தவரின் வீடு எது, அவர் எங்கே வேலை பார்க்கிறார், எந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் நடத்துகிறவருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும். தவணை தவறினால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. ஒருவர் கட்டாத மாதத்தில் தம் கைப்பணத்தைப் போட்டாவது சீட்டு எடுத்தவருக்கு முழுத்தொகையைக் கொடுப்பது நடத்துகிறவரின் கடமை. அதற்குக் கூலியாகத்தான் முதல் மாதச் சீட்டை ஏலமின்றி அவரே எடுத்துக்கொள்ளும் வழக்கமும், பிறகு கமிஷனும் ஏற்பட்டன. பின்னாளில் எழுந்த சட்டங்கள் அனைத்தையும் இந்த அறிமுகத்தின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளாகப் படிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை நகரத்தில் எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் பெருகியபோது, மாதச் சந்தாவை அடிப்படையாகக் கொண்ட நிதிகள் தோன்றின. நிதி என்பது, உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு பெற்று உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் பரஸ்பர நிறுவனம். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு இன்றும் நடக்கிறது. வேளாண் வங்கிகள் அமைப்பதைப் பற்றி ஆராய அமர்த்தப்பட்ட பிரடெரிக் நிக்கல்சன், 1895-இல் வெளியான தம் அறிக்கையின் முதல் தொகுதியில் இந்த நிதிகளை விரிவாக ஆராய்ந்தார். ஐரோப்பியக் கூட்டுறவு முறையை இங்கே கொண்டுவர விரும்பிய அவர், உள்நாட்டு மக்கள் தாமாகவே இத்தகைய அமைப்புகளை நடத்திவந்ததைப் பொருட்படுத்தியது குறிப்பிடத்தக்கது. இதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1906 அக்டோபரில், சென்னையின் பெயர்பெற்ற ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஏராளமானோரின் சேமிப்பு மூழ்கியது. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது. பெரிய கட்டடமும் வெள்ளைக்காரர் பெயரும் காப்பாற்றாதபோது, அடுத்த தெருவில் இருப்பவரிடம் பணத்தைக் கொடுத்த குடும்பங்களை அறியாமை உடையவர்கள் என்று சொல்ல முடியாது.

சட்டம் முதலில் வந்தது மலையாள நாட்டில். அங்கே சிட்டி என்றும் குறி என்றும் வழங்கிய சீட்டு, ஊர் அளவைத் தாண்டித் தொழிலாகவே வளர்ந்திருந்ததால், திருவிதாங்கூர் அரசு கொல்லம் ஆண்டு 1094-இல், அதாவது 1918–19-இல், சிட்டிச் சட்டம் இயற்றியது. கொச்சி அரசின் குறிச் சட்டம் 1107-ஆம் ஆண்டுக்குரியது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால், நாகர்கோவில் தமிழர் சட்டத்துக்கு உட்பட்ட சீட்டை அறிந்தது மதுரைக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் சுமார் நாற்பது ஆண்டு முன்னதாகவே. சென்னை மாநிலம் தனக்கென்று சீட்டு நிதிச் சட்டம் இயற்றியது 1961-இல்தான். கடல் கடந்த இடங்களில் நிலைமை வேறுவேறாக அமைந்தது. இலங்கையில் 1935-லேயே சீட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் 1971-இல் சட்டம் இயற்றிச் சீட்டை ஒழுங்குபடுத்த முற்பட்டது. அதே 1971-இல் மலேசியா கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் வழி அதைத் தொழிலாக நடத்துவதையே குற்றமாக்கியது. ஒரே வழக்கத்தை, ஒரே ஆண்டில், பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு இப்படி எதிரெதிராக நோக்கின.

இதற்கிடையில் இந்தியாவில் சீட்டின் பெயரைக் கெடுத்த வகை ஒன்று பரவியது. பரிசுச் சீட்டு எனப்பட்ட இதில், குலுக்கலில் பெயர் வந்தவர் பரிசைப் பெற்றுக்கொண்டு மேற்கொண்டு எதுவும் கட்டாமல் விலகிவிடுவார். பெயர் வராதவர்கள் கெடு முடியும்வரை கட்டி, பெரும்பாலும் வட்டியில்லாமல் தம் பணத்தைத் திரும்பப் பெறுவார்கள். ஒருவரிடம் சேர்ந்தது மற்றவருக்குச் சுழலாமல் நடத்துகிறவரிடமே தங்கியது. 1863-இல் நீதிமன்றம் சீட்டைக் காப்பாற்றக் காட்டிய காரணம் எதுவும் இதற்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் தலைமையிலான ஆய்வுக் குழு இதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1978-இல் தடைச்சட்டம் வந்தது. பிந்தைய ஆண்டுகளில், 2013-இல் கிழக்கிந்தியாவை உலுக்கிய சாரதா மோசடி வரை, சீட்டோடு தொடர்பே இல்லாத வைப்புத் திட்டங்கள் முறிந்தபோதெல்லாம் செய்தித்தாள்கள் அவற்றைச் சீட்டு நிறுவனங்கள் என்றே எழுதின. இது சொல்லளவான பிழையாக நின்றுவிடவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று, ஒழுங்காக நடந்த சீட்டுகளிலும் மக்கள் நம்பிக்கை இழந்தனர்.

நாடு முழுவதற்குமான சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் இயற்றப்பட்டது. சீட்டைத் தொடங்கும் முன்பே மாநில அரசின் அனுமதி பெறவேண்டும். ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே பதிவுசெய்து, அதன் மொத்தத் தொகைக்கு ஈடான பிணையை நடத்துகிறவர் முன்கூட்டியே கட்டவேண்டும். ஏலத்தின்போது சந்தாதாரர்கள் குறைந்தது இருவராவது இருக்கவேண்டும். எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் பிணை கொடுக்கவேண்டும். தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளர் தீர்க்கவேண்டும் என்று அது வகுத்தது. தள்ளுக்கும் உச்சவரம்பு உண்டு. பலர் அந்த உச்சத்திலேயே ஏலம் கூறினால் குலுக்கலில் முடிவு செய்யவேண்டும் என்ற விதியால், பழைய குலுக்கல் சீட்டு ஏலச்சீட்டுக்குள்ளேயே மறுபடி வந்து சேர்ந்தது. முன்பு தெருவும் உறவும் செய்த வேலையைப் பிணைத்தொகையும் பதிவேடும் செய்யவேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. 2019-இல் செய்த திருத்தம் கமிஷன் வரம்பை ஐந்து விழுக்காட்டிலிருந்து ஏழாக உயர்த்தியது. தனியொருவர் நடத்தும் சீட்டுகளின் மொத்தம் ஒரு லட்சம் வரை என்றிருந்ததை மூன்று லட்சமாக்கியது. ஏலத்தில் காணொளி வழியாகக் கலந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. கமிஷன் உயர்வின் சுமை கடைசியில் சந்தாதாரர் மீதே விழுகிறது. மேலே காட்டிய கணக்கில் அது தலைக்கு 2,000 ரூபாய், அதாவது கடைசியாக எடுப்பவருக்குக் கிடைத்த 5,000 ரூபாய் ஆதாயத்தில் நாற்பது விழுக்காடு. இதைச் சிறு மாற்றம் என்று கடந்துபோக இயலாது.

நகைச் சீட்டைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். மாதத் தவணை கட்டி முடிவில் நகை வாங்கும் இந்தத் திட்டத்தில் ஏலமும் இல்லை, சுழற்சியும் இல்லை. சந்தாதாரர்கள் ஒருவரையொருவர் அறிவதும் இல்லை. சட்டப்படி இது சீட்டே ஆகாது, பொருளுக்காகக் கொடுக்கும் முன்பணம். புதிய கம்பெனிச் சட்டத்தைத் தொடர்ந்து 2014-இல் வந்த விதிகளின்படி, முன்பணத்துக்கு 365 நாட்களுக்குள் பொருள் கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். கம்பெனிகளாக நடக்கும் நகைக்கடைகளின் திட்டங்கள் பதினோரு மாதத்தில் முடிவதற்கு இதுவே காரணம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பிணைத்தொகை இங்கே கிடையாது. கடை மூடப்பட்டால் தவணை கட்டியவர் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்கவேண்டியவரே. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாக முறிந்தபின் 1997-இல் தமிழ்நாடு இயற்றிய முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய நிறுவனங்களின் சொத்துகளை முடக்கி விற்றுப் பங்கிட வழிசெய்கிறது. ஆனால் அந்த வழி நீளமானது.

வீடுகளில் பெண்கள் நோட்டுப் புத்தகம் வைத்து நடத்தும் சிறு சீட்டுகளில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆள் தெரிந்தவரை அவை இன்றும் நன்றாகவே நடக்கின்றன. உறவினர் அழைத்துவந்த உறவினர், அவர் அழைத்துவந்த அலுவலக நண்பர் என்று வட்டம் விரிந்து, நடத்துகிறவருக்கே யார் வீடு எங்கே என்று தெரியாமல் போகும்போதுதான் அவை முறிகின்றன. அந்த இடத்தைத் தாண்டிய சீட்டில் சேரும் குடும்பம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே: முன் அனுமதி ஆணையின் எண் என்ன, எந்தப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது, சீட்டு ஒப்பந்தத்தின் நகலும் தவணைதோறும் ரசீதும் கிடைக்குமா? தமிழ்நாட்டில் பதிவுத்துறையின்கீழ் இயங்கும் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.