ஒரு தொகுப்பானைப் பேணிய வரலாறு

கோயிலை எடுப்பித்தவர் பெயர் கல்வெட்டிலே நிலைபெறுகின்றது. கோபுரத்தில் வேர்விட்ட ஆலங்கன்றைக் களைந்து, ஒழுகிய மண்டபத்தைச் செப்பனிட்டு வந்தோர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் அக்கட்டடம் தலைமுறைகளைக் கடந்து நிற்பது பின்னையோர் உழைப்பினாலேயாம். கணினியுலகில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது ஜி.சி.சி. என வழங்கும் தொகுப்பானின் வரலாறு. 1987 ஆம் ஆண்டில் பெரும்பாலும் ஒருவர் முயற்சியால் வெளிவந்த அது, இன்றும் பலர் கைபட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறுகின்றது. அது படைக்கப்பட்ட வரலாற்றினும் பேணப்பட்ட வரலாறே நீண்டதும் படிப்பினை மிக்கதுமாகும்.

தொகுப்பான் என்பது யாது? கணினி தன் பொறிமொழியை மட்டுமே அறியும், அம்மொழி எண்களாலானது. மனிதர் எளிதில் எழுதவும் படிக்கவும் கூடிய மொழியில் அமைந்த செய்நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் செய்நிரலே தொகுப்பானாகும். 1952 ஆம் ஆண்டளவில் கிறேஸ் ஹொப்பர் என்னும் அம்மையார் இத்துறையில் முதலடி எடுத்துவைத்தார். 1957 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழுவினர் போர்ட்ரான் மொழிக்குரிய தொகுப்பானை வெளியிட்டனர். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டெனிஸ் றிச்சி 'சி' என்னும் மொழியை ஆக்கினார். பின்னாளில் பெரும்பாலான பணிசெயல் முறைமைகள் இம்மொழியிலேயே எழுதப்பட்டன. எனவே, 'சி' மொழித் தொகுப்பான் எவர் கையில் உளதோ அவர் கையில் ஏனைய மென்பொருள்களின் திறவுகோலும் இருந்தது எனலாம்.

அத்திறவுகோல் பொதுமக்கள் கையில் இருத்தல் வேண்டும் எனக் கருதியவர் றிச்சேட் ஸ்ரோல்மன். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவர், 1983 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும், கற்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள ஒரு முழுமையான பணிசெயல் முறைமையை ஆக்குதலே அதன் நோக்கம். அதற்குத் தொகுப்பான் இன்றியமையாதது. அவர் முதலில் புதிதாக ஒன்றை எழுத எண்ணினாரல்லர். இருப்பதொன்றைப் பெறவே முயன்றார். அம்ஸ்ரடாம் நகரிலுள்ள 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' ஒரு தொகுப்பான் தொகுதியை உடையதாயிருந்தது. அதனைப் பயன்படுத்தலாமா என வினவியபோது, பல்கலைக்கழகம் சுதந்திரமானது, தொகுப்பான் அத்தகையதன்று என்னும் பொருள்பட விடை கிடைத்தது. பின்னர் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட வேறொரு தொகுப்பானை எடுத்துச் சீர்செய்ய முற்பட்டார். அது செய்நிரல் முழுவதையும் ஒருங்கே நினைவகத்தில் வைத்து வேலை செய்வது. அக்காலச் சிறு கணினிகள் அதற்கு இடங்கொடா. ஆகவே அதனையும் கைவிட்டுப் புதிதாக எழுதலானார். 1987 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜி.சி.சி. முதன்முதலாக வெளியிடப்பட்டது.

மென்பொருளோடு ஓர் உரிமமும் வெளிவந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. இதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர், திருத்திய மூலத்தையும் அதே உரிமையோடு வழங்குதல் வேண்டும் என்பது அதன் சாரம். இக்கொள்கை 1989 இல் குனூ பொது உரிமம் என்னும் பொதுவடிவம் பெற்றது. இதன் வலிமை விரைவிலேயே புலனாயிற்று. நெக்ஸ்ட் என்னும் கணினி நிறுவனம் ஒப்ஜெக்டிவ் சி மொழிக்குரிய பகுதியை ஜி.சி.சி.யோடு இணைத்தது, ஆயின் அப்பகுதியின் மூலத்தை வெளியிட விரும்பவில்லை. உரிமம் இடங்கொடாமையால் ஈற்றில் அதனையும் பொதுவாக்க நேர்ந்தது. இவ்வெற்றியே, மூலத்தைக் காக்கும் வேலி எத்துணை உயரமாயினும் நன்றே என்னும் எண்ணத்தை நிறுவுநர்பால் வலுப்படுத்தியது போலும்.

தொகுப்பானைப் பேணுதல் ஏன் அரிய பணியாகின்றது என்பதை அறிய அதன் அமைப்பைச் சிறிது நோக்குதல் தகும். அது மூன்று பகுதிகளை உடையது. முன்பகுதி மொழியின் இலக்கணத்தை உணர்ந்து செய்நிரலை ஓர் இடைவடிவத்துக்குக் கொணரும். நடுப்பகுதி அவ்விடைவடிவத்தில் வீண் வேலைகளை நீக்கிச் செம்மையாக்கும். பின்பகுதி குறித்த கணினியின் பொறிமொழியை ஆக்கும். புதிய மொழி தோன்றின் முன்பகுதியொன்று வேண்டும். புதிய கணினி தோன்றின் பின்பகுதியொன்று வேண்டும். இவ்வாறு 'சி' மொழிக்கெனத் தொடங்கியது காலப்போக்கில் சி++, போர்ட்ரான், அடா முதலிய மொழிகளையும் ஏற்றுக்கொண்டது. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதியபோது அதனைத் தொகுத்ததும் ஜி.சி.சி.யே. பயன் பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகிற்று. மொழிகளின் நியமங்கள் மாறுவன, கணினிகள் மாறுவன, நேற்றுச் சரியாயிருந்தது இன்று குறையாகத் தோன்றும்.

1990களின் நடுப்பகுதியில் இப்பொறுப்பைத் தாங்கும் முறையே நெருக்கடிக்குள்ளாயிற்று. உலகெங்குமிருந்து திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை ஏற்கும் வாயிலோ குறுகியது. புதிய சில்லுகளுக்கான மேம்பாடுகள், சி++ மொழிக்கான மாற்றங்கள், போர்ட்ரான் முன்பகுதி ஆகியன தனித்தனிக் கிளைகளாக வெளியே வளர்ந்தன. 2.7.2 என்னும் பதிப்பு 1995 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது, 2.8.0 பதிப்போ 1998 ஆம் ஆண்டு சனவரியிலேயே வந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் உழைப்போர் சோர்வுற்றனர்.

1997 ஆம் ஆண்டு ஓகஸ்டில், அவர்களுட் சிலர் ஒரு துணிவான செயலைச் செய்தனர். கட்டற்ற மென்பொருளுக்குத் தொழில்முறை ஆதரவு வழங்குதற்கென 1989 இல் தோன்றிய சிக்னஸ் நிறுவனத்தினர் இதில் முன்னின்றனர். மூலத்தைப் பிரதிசெய்து, சிதறிய கிளைகளை ஒன்றுசேர்த்து, இ.ஜி.சி.எஸ். என்னும் பெயரால் வேறொரு வழி அமைத்தனர். அவ்வாண்டு டிசெம்பரிலேயே அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இதனைக் கலகம் என்பதா, சீர்திருத்தம் என்பதா? உரிமமே அவர்கட்கு அவ்வுரிமையை வழங்கியிருந்தது. பிரிந்தோர் மூலத்தை மறைக்கவில்லை. தாம் செய்தவற்றையெல்லாம் தாய்த்திட்டம் மீண்டும் ஏற்றற்கேற்ப வைத்திருந்தனர். ஈராண்டு கழியுமுன் எது உயிரோட்டமுள்ள மரபு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. 1999 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பிரிந்து சென்ற குழுவினரையே ஜி.சி.சி.யின் முறையான பராமரிப்பாளராக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு யூலையில் 2.95 பதிப்பு வெளியாயிற்று. அதுவரை 'குனூ சி தொகுப்பான்' என விரிந்த பெயர் 'குனூ தொகுப்பான் திரட்டு' என மாறியதும் இக்காலத்தேயாம். உரிமம் தந்த பிரியும் உரிமையே மீண்டும் ஒன்றுகூடும் வழியையும் திறந்தது.

இதன்பின் அகத்தே பெரும் புதுப்பிப்பு நிகழ்ந்தது. பழைய இடைவடிவம் பொறிமொழியை ஒட்டியதாதலின், மூலச்செய்நிரலின் பரந்த அமைப்பை நோக்கிச் செம்மையாக்குதல் அதில் அரிதாயிருந்தது. ஒவ்வொரு மாறியும் ஒரேயொரு முறை மட்டும் பெறுமானம் பெறுமாறு செய்நிரலை மாற்றியெழுதும் முறை ஆய்வாளரிடையே வளர்ந்திருந்தது. ஒரு பெறுமானம் எங்கே பிறந்தது என்பதை அதனால் எளிதில் அறியலாம். இம்முறையில் அமைந்த புதிய நடுப்பகுதி, 2005 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வெளியான 4.0 பதிப்பில் இடம்பெற்றது. மக்கள் குடியிருக்க, வீட்டின் அத்திவாரத்தை மாற்றியதற்கு இதனை ஒப்பிடலாம். இவ்வாறே 'சி' மொழியில் எழுதப்பட்டிருந்த தொகுப்பான், 2013 இல் வெளிவந்த 4.8 பதிப்பு முதல் சி++ மொழியாற் கட்டப்படுவதாயிற்று.

இதற்கிடையில் வெளியே ஒரு போட்டி எழுந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லற்னர், விக்ரம் அத்வே ஆகியோர் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் திட்டம் 2003 இல் முதற்பதிப்பைக் கண்டது. அதன் பகுதிகள் தனித்தனியே பிரித்தெடுத்துப் பயன்படுத்தத்தக்கவை. ஜி.சி.சி.யிலோ அவ்வாறு பிரித்தல் எளிதன்று. இடைவடிவத்தை வெளியே எடுக்க வழிசெய்தால், அதனைப் பற்றிக்கொண்டு மூலம் மறைத்த மென்பொருள்கள் வளரும் என நிறுவுநர் அஞ்சியமை அதற்கொரு காரணம். 2005 இல் லற்னர் தமது ஆக்கத்தை ஜி.சி.சி.யோடு இணைக்க முன்வந்தார். அது நிறைவேறவில்லை. அவ்வேண்டுகோள் தம் கண்ணிற் படவேயில்லை என ஸ்ரோல்மன் 2015 இல் வருத்தத்தோடு கூறினார். அப்பிள் நிறுவனம் எல்.எல்.வி.எம். மீது அமைந்த கிளாங் என்னும் முன்பகுதியை 2007 இல் பொதுவாக்கியது. பலர் அதன்பாற் சென்றனர்.

இழப்பு உண்மையே, ஆயின் போட்டியினால் நன்மையும் விளைந்தது. கிளாங் காட்டிய தெளிவான பிழையறிவிப்புகளைக் கண்டு ஜி.சி.சி.யும் தன் பிழையறிவிப்புகளைத் திருத்திக்கொண்டது. உரிமத்தில் தக்க காப்புவிதி 2009 இல் வகுக்கப்பட்டபின், 2010 இல் வெளியான 4.5 பதிப்பு புறத்தே எழுதப்பட்ட இணைப்புகளை ஏற்கத் தொடங்கியது. வேலியின் நோக்கம் பயிரைக் காத்தல். உழவனே உட்புக இயலாதவாறு வேலி அமையின் பயிர் வாடும் என்பதே இதன் படிப்பினையாகும்.

அன்றாடப் பேணுகையின் இயல்பையும் குறித்தல் வேண்டும். முற்காலத்தில் ஏடு பெயர்த்தெழுதுவோர் பிரதியை மூலத்தோடு ஒப்புநோக்குவர். ஜி.சி.சி.யைக் கட்டுவோரும் அத்தகைய சோதனை ஒன்றைச் செய்கின்றனர். ஏற்கெனவே உள்ள தொகுப்பானால் புதிய மூலம் முதன்முறை தொகுக்கப்படும். அவ்வாறு பிறந்த தொகுப்பான் அதே மூலத்தை இரண்டாம் முறை தொகுக்கும். அதனாற் பிறந்தது மூன்றாம் முறை தொகுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபடின் எங்கோ பிழை உளது. இத்துணைக் கவனத்தையும் கடந்து பிழைகள் ஒளிந்திருப்பதுண்டு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் தற்போக்கான செய்நிரல்களைத் தாமே ஆக்கும் ஒரு கருவியைக் கொண்டு தொகுப்பான்களைச் சோதித்தனர். ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். உட்படப் பல தொகுப்பான்களில் அதுவரை அறியப்படாத 325 இற்கு மேற்பட்ட வழுக்களைக் கண்டு அறிவித்ததாக 2011 இல் அவர்கள் எழுதினர். திருத்தும் கடமை பராமரிப்பாளருக்குரியதாயிற்று.

2015 முதல் ஆண்டுக்கொரு பெரும்பதிப்பு ஏப்பிரில் அல்லது மே மாதத்தில் வெளிவருகின்றது. ஆண்டின் முற்கூற்றிலே புதுமைகள் ஏற்கப்படும். பின்னர் பொதுவான வழுக்கள் களையப்படும். ஈற்றில், முன்பு சரியாயிருந்து இப்போது கெட்டவற்றைச் சீர்செய்தல் மட்டுமே அனுமதிக்கப்படும். விதைப்பும் களையெடுப்பும் காவலும் போன்ற ஒழுங்கு இது. பேணுவாரற்ற பகுதி நீக்கப்படுதலும் உண்டு. ஜாவா மொழிக்குரிய முன்பகுதி 2017 இல் வந்த பதிப்பிலிருந்து அகற்றப்பட்டது. இற்றேனியம் என்னும் சில்லுக்குரிய பின்பகுதியும் 2024 இல் வழக்கொழிந்ததெனக் குறிக்கப்பட்டது. ஆயின் அதனைப் பேண ஒருவர் முன்வந்தமையால் அடுத்த பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பட்டது. ஒரு மனிதர் பொறுப்பேற்றலும் ஏற்காமையுமே ஒரு பகுதியின் வாழ்வையும் முடிவையும் நிச்சயிக்கின்றன.

வாயிலை அகலமாக்கும் பணி பின்னும் தொடர்ந்தது. பெருந்திருத்தங்களை வழங்குவோர் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2021 ஆம் ஆண்டு யூனில் நெறிப்படுத்தும் குழு அவ்விதியைத் தளர்த்தியது. தம் ஆக்கத்தை வழங்கத் தமக்கு உரிமையுண்டு எனச் சான்றளித்தல் போதுமாயிற்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு பேருண்மைகள் புலனாகின்றன. மூலத்தைப் பொதுவாக்கும் உரிமம் இல்லையேல் ஜி.சி.சி. எவரேனும் ஒரு நிறுவனத்தின் தனிப்பொருளாகி, அந்நிறுவனத்தோடு மறைந்திருக்கும். அவ்வுரிமம் மட்டும் இருந்து, பொறுப்பைப் பலரோடு பகிரும் மனம் இல்லாதிருப்பினும் அது தேங்கி அழிந்திருக்கும். 1997 இற் பிரிந்தோர் நிறுவுநரின் கொள்கையை மறுத்தவரல்லர். அக்கொள்கையைப் பராமரிப்பு முறைக்கும் பொருத்திக் காட்டியவர் ஆவர். பொதுச்சொத்தினைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும். அது வாழ்வதற்கோ புதிய கைகள் வேண்டும். மூத்தோர் இளையோர்க்கு வழிவிட்ட காலங்களிலேயே ஜி.சி.சி. தளிர்த்தது என்பதற்கு அதன் பதிப்புகளே சான்றாகும்.